படம், பாட்டு, புத்தகம், மென்பொருள்: எந்த வழியில் வாங்கலாம், எந்தக் கார்டில் கட்டலாம்?

ஒரு படம் பார்க்க வேண்டும், ஒரு மின்னூல் படிக்க வேண்டும், ஒரு மென்பொருள் வேண்டும் என்றால் இன்று வழிகளுக்குப் பஞ்சமில்லை. சந்தா கட்டலாம். இணையக் கடையில் விலை கொடுத்து வாங்கலாம். டிஸ்க்காக வாங்கி அலமாரியில் வைக்கலாம். நகல் தடுப்புப் பூட்டு போடாத கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். சட்டப்படியே இலவசமாகக் கிடைப்பதைத் தேடிப் பிடிக்கலாம். திருட்டுப் பிரதியை எடுப்பவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். பணம் கட்டும் வழிகளும் இதே மாதிரிதான்: டெபிட் கார்டு, கிரெடிட் கார்டு, அட்டை இல்லாமல் எண்ணாக மட்டும் வரும் விர்ச்சுவல் கார்டு, போன் வாலட், பரிசுக் கார்டு.

பெரும்பாலோர் விலையைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். விலை முக்கியம்தான். ஆனால் அதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்: நாளைக்கு ஏதாவது சிக்கல் வந்தால் என் கையில் என்ன மிஞ்சும்? கடை மூடினால், கணக்கு முடங்கினால், கார்டு எண் திருடு போனால் என்ன ஆகும்? வாங்கும் பொருளுக்கும் இதே கேள்வி, கட்டும் பணத்துக்கும் இதே கேள்வி. இதை வைத்துப் பார்க்கும்போது எது மலிவு, எது விலை கூடுதல் என்ற கணக்கே மாறிவிடுகிறது.

சந்தாவா, சொந்தமா?

சந்தாவைப் பலர் திட்டுகிறார்கள். எனக்கு அதில் பெரிய குறை தெரியவில்லை, ஏனென்றால் அது தன்னை மறைப்பதில்லை. பணம் கட்டும் வரைக்கும் பார்க்கலாம், நிறுத்தினால் எல்லாம் போய்விடும். இது எல்லாருக்கும் தெரிந்த ஒப்பந்தம். ஒரு முறை பார்த்துவிட்டு மறந்துவிடுகிற படங்களுக்கும் தொடர்களுக்கும் இதைவிடப் பொருத்தமான வழி கிடையாது. ஒரே நேரத்தில் நான்கு சந்தா வைத்திருப்பதுதான் வீண். ஒரு மாதம் ஒன்று, அதில் பார்க்க வேண்டியதை முடித்துவிட்டு அடுத்த மாதம் இன்னொன்று என்று மாற்றிக்கொண்டே போகலாம். சேர்ந்த அன்றைக்கே ரத்து செய்துவிடுவது நல்ல பழக்கம். பெரும்பாலான சேவைகளில் கட்டிய காலம் முடியும் வரை பார்க்க முடியும். இலவசச் சோதனைக் காலத்தில் மட்டும் சில இடங்களில் ரத்து செய்த உடனே கதவை மூடிவிடுவார்கள், அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாதச் சந்தா போலத் தோன்றும் ஆண்டு ஒப்பந்தம்தான் உண்மையான ஆபத்து. மாதாமாதம் பணம் போகும், ஆனால் நடுவில் விலகினால் மிச்ச மாதங்களுக்கு ஒரு பகுதியை அபராதமாகக் கேட்பார்கள். ஃபோட்டோஷாப் தயாரிக்கும் அடோபி நிறுவனத்தின் மீது அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசி 2024 ஜூனில் வழக்குத் தொடுத்தது இப்படி ஒரு திட்டத்தின் நிபந்தனையைச் சரியாக வெளிக்காட்டவில்லை என்றுதான். அதே அடோபி 2013இல் தன் முக்கிய மென்பொருள்களின் புதிய பதிப்புகளைச் சந்தாவாக மட்டுமே தருவது என்று முடிவெடுத்தது. படத்துக்கான சந்தாவை நிறுத்தினால் பார்ப்பது நிற்கும், அவ்வளவுதான். மென்பொருளுக்கான சந்தாவை நிறுத்தினால் நீங்களே உழைத்துச் செய்த கோப்புகளைத் திறந்து திருத்த முடியாமல் போகலாம். அதனால் பொழுதுபோக்குக்குச் சந்தா சரி, தொழிலுக்கான கருவிக்குச் சந்தா என்றால் இரண்டு முறை யோசிக்க வேண்டும். வேலையை வேறு மென்பொருளிலும் திறக்கக்கூடிய வடிவத்தில் ஒரு பிரதி சேமிக்கும் வழக்கம் இருந்தால் கவலை பாதி குறையும்.

என்னை உண்மையாகவே கோபப்படுத்துவது இணையக் கடைகளின் ‘வாங்கு’ பொத்தான். சந்தாவைவிடப் பல மடங்கு விலை கொடுக்கிறோம், சொந்தமாகிவிட்டது என்று நம்புகிறோம், ஆனால் கிடைப்பது நிறுவனம் விரும்பும் வரைக்குமான அனுமதி மட்டுமே. இது வெறும் பயம் இல்லை, நடந்திருக்கிறது. 2009 ஜூலையில் அமேசான், விற்கும் உரிமை இல்லாத ஒருவர் தன் கடையில் ஏற்றியிருந்த ஜார்ஜ் ஆர்வெல் நூல்களை, வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்தே தொலைவிலிருந்து அழித்தது. பணத்தைத் திருப்பித் தந்தார்கள், பிறகு அமேசானின் தலைவர் ஜெஃப் பெசோஸ் மன்னிப்பும் கேட்டார். ஆனால் வீட்டுக்குள் இருக்கும் புத்தகத்தை வெளியிலிருந்து ஒருவர் எடுத்துக்கொண்டு போக முடியும் என்பது அன்றைக்குத் தெரிந்துபோனது. மைக்ரோசாஃப்ட் 2019இல் தன் மின்னூல் கடையை மூடியபோது, வாங்கிய நூல்கள் ஜூலையோடு திறக்காமல் போயின. முழுப் பணமும் திரும்பி வந்தது, பக்க ஓரங்களில் குறிப்பு எழுதி வைத்திருந்தவர்களுக்கு 25 டாலர் கூடுதலாகவும் கிடைத்தது. அந்தக் குறிப்புகளுக்கு அது ஈடாகுமா என்பதை வாசிக்கிறவர்களைத்தான் கேட்க வேண்டும். 2023 டிசம்பரில் சோனி, பிளேஸ்டேஷன் கடையில் விற்கப்பட்ட டிஸ்கவரி நிகழ்ச்சிகள் நூலகத்திலிருந்து நீக்கப்படும் என்று அறிவித்தது. எதிர்ப்புக்குப் பிறகு உரிம ஏற்பாடு புதுப்பிக்கப்பட்டதால் அது நடக்கவில்லை. 2025 பிப்ரவரி 26 முதல் அமேசான், வாங்கிய கிண்டில் நூல்களைக் கணினிக்கு இறக்கி யுஎஸ்பி வழியாகக் கருவிக்கு மாற்றும் வசதியையும் எடுத்துவிட்டது.

கலிபோர்னியா இதற்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தது. விற்பது அனுமதி மட்டும்தான் என்றால் அதை வாங்குகிறவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று 2024இல் நிறைவேறி, 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. சொல்லிவிட்டு விற்றால் தப்பில்லை என்பதுதான் அதன் எல்லை. பொருளை உங்களுக்குச் சொந்தமாக்கித் தரும் சக்தி அதற்கு இல்லை. மறுவிற்பனையும் இப்படித்தான். படித்த அச்சுப் புத்தகத்தை நீங்கள் விற்கலாம், யாருக்காவது கொடுக்கலாம். மின்னூலை அப்படி மறுவிற்பனை செய்ய உரிமையாளரின் அனுமதி வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2019 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அச்சு நூலின் விலைக்குப் பக்கத்தில் ஒரு பூட்டுப் போட்ட மின்னூலை விற்பது எனக்கு நியாயமாகவே படவில்லை.

சரி, உண்மையிலேயே கையில் நிற்பது எது? இரண்டுதான். ஒன்று பூட்டு இல்லாத கோப்பு. 2008இல் தொடங்கிய ஜிஓஜி கடை கணினி விளையாட்டுகளை டிஆர்எம் எனப்படும் நகல் தடுப்புப் பூட்டு இல்லாமல் விற்கிறது. நிறுவும் கோப்பை இறக்கி வைத்துக்கொண்டால் நாளைக்கு அந்தக் கடையே இல்லாமல் போனாலும் விளையாட்டு இருக்கும். அதே ஆண்டு தொடங்கிய பேண்ட்கேம்ப்பில் பாட்டுகளைத் தரம் குறையாத ஃப்ளாக் வடிவத்திலேயே இறக்கலாம். ஆப்பிள்கூட 2009இல் தன் இசைக் கடையில் விற்கும் பாட்டுகளிலிருந்து பூட்டை எடுத்துவிட்டது. மின்னூலிலும் பூட்டு இல்லாமல் விற்கும் பதிப்பகங்கள் இருக்கின்றன, விவரப் பக்கத்தில் தேடினால் தெரியும். ஒரு நிபந்தனை உண்டு: கோப்பைப் பாதுகாப்பது உங்கள் வேலை. ஒரே வட்டில் வைத்திருந்தால் அது பழுதானதும் எல்லாம் போச்சு. இரண்டு இடத்தில் பிரதி வைப்பவருக்குத்தான் இந்த வழி.

இரண்டாவது டிஸ்க். இன்று டிஸ்க்கைப் பற்றிப் பேசினால் பழைய காலத்து ஆள் என்று நினைக்கிறார்கள். ஆனால் தரத்தில் அதற்கு இணை இன்னும் வரவில்லை. 4கே படத்துக்கு ஓடிடி சேவைகள் நொடிக்கு 15 முதல் 25 மெகாபிட் அளவில் அனுப்பும்போது, 4கே ப்ளூரே டிஸ்க் 100 மெகாபிட்டுக்கு மேலும் தாங்கும். இருட்டான காட்சிகளில், புகை, மழை போன்ற இடங்களில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். பிரச்சினை டிஸ்க்கில் இல்லை, அதை ஓட்டும் கருவியில். எல்ஜி ப்ளூரே பிளேயர் தயாரிப்பை விட்டுவிட்டது. இன்டெல் தன் புதிய தலைமுறைக் கணினிச் சில்லுகளில் எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்பு அம்சத்தைக் கைவிட்டதால், அவற்றில் 4கே டிஸ்க்கை முறைப்படி ஓட்டவே முடிவதில்லை. ஆகவே திரும்பத் திரும்பப் பார்க்கும் சில படங்களுக்கு மட்டும் டிஸ்க் வாங்குங்கள், நல்ல பிளேயர் ஒன்றையும் இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

திருட்டுப் பிரதியின் உண்மையான விலை

இங்கே நேர்மையாகப் பேச வேண்டியிருக்கிறது. பைரசி என்றால் திருட்டுப் புத்தி என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. பல நேரம் பணம் கட்டியவனுக்கே குறைந்த பொருள் கிடைக்கிறது. 4கே திட்டத்துக்குக் காசு கொடுத்தவர், தன் போனிலோ டிவி பெட்டியிலோ வைட்வைன் என்ற நகல் தடுப்பு முறையின் சான்று உயர்ந்த எல்1 நிலையில் இல்லாததால் மங்கலான படத்தைப் பார்க்கிறார். ஒரு தொடரின் முதல் இரண்டு பருவங்கள் ஒரு சேவையில், மூன்றாவது வேறொன்றில் என்று பிரிந்து கிடக்கிறது. 2005இல் சோனி பிஎம்ஜி தன் இசைக் குறுந்தகடுகளில் ஒளித்து வைத்த நகல் தடுப்பு மென்பொருள், கணினிக்குள் ரூட்கிட்டாக, அதாவது கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்துகொள்ளும் நிரலாக நுழைந்து பாதுகாப்பு ஓட்டையையே உண்டாக்கியது. அதில் அடிபட்டவர்கள் கடையில் காசு கொடுத்து வாங்கியவர்கள். ஸ்டீம் என்ற விளையாட்டுக் கடையை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் கேப் நியூவெல், பைரசி பெரும்பாலும் விலைப் பிரச்சினை இல்லை, சேவைப் பிரச்சினை என்று பல ஆண்டுகளுக்கு முன்பே சொன்னது இதனால்தான். இசைத் துறை அதற்குச் சான்று. பாட்டுகளை இலவசமாகப் பகிர 1999இல் வந்த நாப்ஸ்டரை 2001இல் நீதிமன்றம் வழியாக முடக்கினார்கள், ஆனால் பாட்டுப் பகிர்வு வேறு மென்பொருள்களுக்கு இடம் மாறியது, நிற்கவில்லை. ஒரு பாட்டு 99 சென்ட் என்று 2003இல் ஐட்யூன்ஸ் கடை வந்தபோதுதான், பிறகு ஸ்பாட்டிஃபை போன்றவை வந்தபோதுதான், காசு கொடுத்துக் கேட்பது திருட்டைவிட எளிதாயிற்று.

இத்தனையும் ஒப்புக்கொண்ட பிறகும் நான் திருட்டுப் பிரதி வேண்டாம் என்றே சொல்வேன். உழைத்தவருக்கு ஒன்றும் போய்ச் சேராது என்பது முதல் காரணம். சின்னக் குழு செய்த மென்பொருளோ, ஒருவர் ஆண்டுக்கணக்கில் எழுதிய புத்தகமோ என்றால் அந்த இழப்பு நேராக ஒரு வீட்டை அடிக்கிறது. இரண்டாவது காரணத்தைப் பலர் யோசிப்பதில்லை: திருட்டுப் பிரதிக்கும் விலை உண்டு, அதை உங்கள் கார்டும் கணக்குகளும் கட்டுகின்றன.

கிராக் செய்த, அதாவது உரிமப் பூட்டை உடைத்த மென்பொருளை நிறுவும்போது வைரஸ் தடுப்பை அணைக்கச் சொல்வார்கள். அந்த ஒரு நொடிதான் அவர்களுக்குத் தேவை. ரெட்லைன் போன்ற தகவல் திருடும் நிரல்கள் பரவிய முக்கிய வழிகளில் ஒன்று இப்படிப்பட்ட கிராக் கோப்புகள். பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள், கார்டு எண்கள், உள்நுழைந்த நிலையைக் காட்டும் குக்கிகள் எல்லாவற்றையும் அது அள்ளிக்கொண்டு போகும். குக்கி போய்விட்டால் ஓடிபி காவல்கூட உதவாது, ஏனென்றால் திருடியவர் ஏற்கனவே உள்ளே இருப்பவராகத்தான் அந்தத் தளத்துக்குத் தெரிவார். ஒரு மென்பொருளின் விலையை மிச்சம் பிடிக்கப் போய் மின்னஞ்சலையே இழப்பது எந்தக் கணக்கிலும் கட்டுப்படியாகாது.

எல்லாச் சேனலும் இலவசம் என்று விற்கப்படும் பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு டிவி பெட்டிகள் இதைவிட மோசம், ஏனென்றால் அங்கே நீங்கள் எதையும் நிறுவத் தேவையே இல்லை. தொழிற்சாலையிலிருந்தோ வரும் வழியிலோ தீங்கு நிரல் ஏற்கனவே உள்ளே போயிருக்கும். பேட்பாக்ஸ் என்று பெயரிடப்பட்ட, இப்படி மாட்டிய கருவிகளின் வலையை 2023இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் வெளிக்கொண்டு வந்தார்கள். பேட்பாக்ஸ் 2.0 பற்றி 2025 ஜூனில் எஃப்பிஐ பொது எச்சரிக்கையே விட்டது. இப்படி மாட்டிய பெட்டி உங்கள் வீட்டு இணைய இணைப்பை யாரோ ஒருவரின் குற்றத்துக்கு முகமூடியாக வாடகைக்கு விடும். பெயர் தெரிந்த நிறுவனத்தின் சான்று பெற்ற கருவி விலை கூடுதலாக இருக்கலாம், பாதுகாப்புப் புதுப்பிப்பும் எல்1 சான்றும் அந்த விலைக்குள் அடங்கியிருக்கின்றன. இந்த ஒரு இடத்தில் மலிவைத் தேட வேண்டாம் என்று வற்புறுத்தியே சொல்கிறேன்.

இணையம் வழியே சேனல்களைத் தரும் திருட்டு ஐபிடிவிக்கு ஆண்டுச் சந்தா கட்டுபவர்கள் இருக்கிறார்கள். சட்டத்துக்கு வெளியே தொழில் செய்யும் ஒருவரிடம் கார்டு எண்ணைக் கொடுத்துவிட்டு, ஏமாற்றினால் யாரிடம் போய் முறையிடுவது?

எங்குமே கிடைக்காத பழைய படம், மறுபதிப்பு வராத நூல் என்றால் என்ன செய்வது? அங்கேதான் எனக்கும் மனம் கனக்கிறது. உரிமையாளர் விற்கவும் மாட்டார், வெளியிடவும் மாட்டார் என்ற நிலையில் அந்தப் படைப்பு அழிந்துபோவதில் யாருக்கும் நன்மை இல்லை. இதற்கு நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் வழி செய்ய வேண்டும், சட்டம் அவர்களுக்கு இடம் கொடுக்க வேண்டும் என்று நாம் சத்தமாகக் கேட்க வேண்டும். அப்புறம், தேடியே பார்க்காமல் கிடைக்காது என்று முடிவு கட்டுவதும் நிறைய நடக்கிறது. 1971இல் தொடங்கிய குட்டன்பர்க் திட்டத்தில் காப்புரிமை முடிந்த நூல்கள் 70,000க்கு மேல் இலவசமாக இருக்கின்றன. நூலக உறுப்பினர் அட்டையிலேயே மின்னூல் இரவல் தரும் நூலகங்கள் உண்டு. மென்பொருளில் இலவசமாகவே கிடைக்கும் லிப்ரேஆஃபிஸ் (அலுவலக வேலை), ஜிம்ப் (படத் திருத்தம்), பிளெண்டர் (முப்பரிமாணம்), விஎல்சி (வீடியோ) நான்கையும் முயன்று பார்க்காமல் கிராக் தேடுவதற்குக் காரணமே இல்லை.

எந்தக் கார்டு?

டெபிட் கார்டுக்கும் கிரெடிட் கார்டுக்கும் உள்ள முக்கிய வித்தியாசம், தகராறு நடக்கும்போது யாருடைய பணம் வெளியே நிற்கிறது என்பது. டெபிட்டில் உங்கள் சேமிப்பிலிருந்து பணம் போய்விட்டது. வங்கி விசாரித்துத் திருப்பித் தரும் வரை வாடகையும் மளிகையும் காத்திருக்காது. கிரெடிட்டில் அது இன்னும் வங்கியின் பணம், பில்லில் அந்தத் தொகையை மறுத்துவிட்டு நீங்கள் நிம்மதியாக இருக்கலாம். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், அமெரிக்கச் சட்டம் இந்த வேறுபாட்டை எண்களிலேயே காட்டுகிறது: திருடப்பட்ட கிரெடிட் கார்டுக்கு உங்கள் பொறுப்பு அதிகபட்சம் 50 டாலர். டெபிட் கார்டு தொலைந்ததை அறிந்து இரண்டு வேலை நாளுக்குள் சொன்னால் 50, தாமதித்தால் 500 வரை, கணக்கு அறிக்கை வந்து 60 நாள் தாண்டியும் சொல்லாமல் இருந்தால் அதற்குப் பிறகு போவதற்கு வரம்பே கிடையாது. சம்பளம் வந்து விழும் கணக்கின் டெபிட் கார்டை எந்த இணையக் கடையிலும் சேமித்து வைக்காதீர்கள்.

ஆனால் கிரெடிட் கார்டு பில்லை ஒவ்வொரு மாதமும் முழுதாகக் கட்ட முடியாதவருக்கு இந்த அறிவுரை பொருந்தாது. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டே போனால், திருடன் எடுப்பதைவிட வட்டி அதிகமாக எடுத்துவிடும். அவர்களுக்கு நல்லது தனிக் கணக்கு ஒன்று திறந்து, அதில் இணையச் செலவுக்கான தொகையை மட்டும் போட்டு, அதன் டெபிட் கார்டையோ ஒரு ப்ரீபெய்டு கார்டையோ பயன்படுத்துவது.

சந்தாக்களுக்கு என் தேர்வு விர்ச்சுவல் கார்டு. உங்கள் வங்கி தருகிறதா என்று செயலியில் பாருங்கள். ஒவ்வொரு சேவைக்கும் தனி எண், தனி வரம்பு வைக்கலாம். ஒரு கடையின் தரவு கசிந்தால் அந்த எண்ணை மட்டும் மூடினால் போதும், மற்ற சந்தாக்கள் தடையில்லாமல் ஓடும். ஒரு குறை: பெரிய தொகைக்கு வாங்கிவிட்டு எண்ணை மூடியபின் ரீஃபண்ட் வந்தால் அது போய்ச் சேர அலைய வேண்டியிருக்கும். போன் வாலட்டும் பாதுகாப்பில் இதற்குக் குறைந்தது இல்லை. 2014இல் ஆப்பிள் பே வந்தபோதே, கடைக்குப் போவது உண்மையான கார்டு எண் இல்லை, அந்தக் கருவிக்கென்று உருவாக்கிய மாற்று எண்ணும் ஒரு முறை மட்டும் செல்லும் குறியீடும்தான். பரிசுக் கார்டில் திருடு போவது அந்தத் தொகையோடு முடியும், ஆனால் மீதிப் பணம் அந்தக் கடைக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும், கணக்கு முடங்கினால் அதுவும் போகும். அதனால் சிறு தொகைக்கு மட்டும் சரி.

கிரெடிட் கார்டின் பெரிய பலமான சார்ஜ்பேக்கை டிஜிட்டல் கடைகளில் அவசரப்பட்டு எடுக்காதீர்கள். வங்கி வழியாகப் பணத்தைப் பிடித்துக்கொண்டால், பதிலுக்குக் கணக்கையே முடக்கும் கடைகள் பல. ஒரு விளையாட்டுக்கான தகராறில் பத்தாண்டு நூலகம் பூட்டிக்கொள்ளும். முதலில் கடையின் சொந்த ரீஃபண்ட் விதியைப் பாருங்கள். ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் கேட்டாலே தருகிறார்கள். பூட்டு இல்லாத கோப்பை வாங்கியவருக்கு இந்த மிரட்டலே இல்லை, கணக்கு போனாலும் கோப்பு அவரிடம் இருக்கிறது.

கார்டை மாற்றினால் வேண்டாத சந்தா தானாக நின்றுவிடும் என்று நம்புகிறவர்கள் அதிகம். அப்படி எண்ண வேண்டாம். விசாவும் மாஸ்டர்கார்டும் நடத்தும் கணக்குப் புதுப்பிப்புச் சேவை, பழைய கார்டுக்குப் பதிலாக வந்த புதிய எண்ணைக் கடைகளுக்குத் தெரிவித்துவிடும். அதில் சேர்ந்திருக்கும் வங்கி என்றால் சந்தா புதிய கார்டிலும் தொடரும். பணம் போகாமல் தடுத்தாலும் ஒப்பந்தப்படி பாக்கி என்று கேட்கலாம். எனவே சேவையின் பக்கத்துக்குப் போய்ச் சந்தாவை முறைப்படி ரத்து செய்யுங்கள், ரத்தானதாக வரும் மின்னஞ்சலைச் சேமித்துக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகு கார்டை மூடுங்கள்.